மேட்டூர் திறந்தாச்சா? டெல்டாவில் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

கேமரா வாங்கிவிட்டேன், காவிரி டெல்டாவில் எங்கே போய்ப் படம் எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், மேட்டூர் அணையில் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தப் பக்கம் மலை கிடையாது, அருவி கிடையாது, ஏறி நின்று பார்க்க உயரமான இடம்கூட அதிகம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை சமதரை. அதில் எந்த மாதம் என்ன தெரியும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. அது தெரியாமல் மே மாதத்தில் வருகிறவர்கள், வெடித்துக் கிடக்கும் வயலைப் பார்த்துவிட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதனால்தான்.

முதல் வேலை: தண்ணீர்க் கணக்கு

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. வழக்கம் இது, ஆனால் எல்லா ஆண்டும் இப்படியே நடப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் தேதியை நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள், செய்தியைப் பார்த்துப் போடுங்கள்.

அணை திறந்த சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை ஆறுகளில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகக் கடைசி வயல்களான கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள் பிடிக்கும். படம் எடுக்கிறவருக்கு இந்த இடைவெளி பெரிய வசதி. கல்லணைக்கு அருகிலுள்ள திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவைத் தவறவிட்டால் கடைமடையான திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்ப் பிடிக்கலாம்.

ஒரு நோட்டில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் குறுகிய கால நெல்லான குறுவைக்கு நாற்றங்கால், அடுத்து நடவு. போர் செட் உள்ள இடங்களில் அணை திறக்கும் முன்பே வேலை தொடங்கியிருக்கும். ஆகஸ்டிலிருந்து நீண்ட கால நெல்லான சம்பா. செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பு. அறுத்த வயலிலேயே தாளடி என்னும் இரண்டாவது நெல் நடவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழியும் தையும் பனி. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா, தாளடி அறுவடை. அறுவடை முடியும் தறுவாயில் தெளித்த உளுந்தும் பயறும் மார்ச் வரை வயலைப் பச்சையாக வைத்திருக்கும். அப்புறம் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள், ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வருவார்கள். வெறும் தரிசு என்று நாம் நினைக்கிற கோடையிலும் ஆயிரக்கணக்கான வாத்துகள் ஒரே வரிசையாக வாய்க்காலில் போவதை இங்கே பார்க்கலாம்.

கருவி பற்றிக் கொஞ்சம்

முதல் ஒரு போகத்துக்கு, அதாவது ஒரு சாகுபடிப் பருவத்துக்கு, கைபேசியே போதும் என்பது என் கருத்து. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்க வேண்டும் என்கிற பழக்கத்துக்குக் கருவி தடையில்லை. கேமராதான் வேண்டும் என்றால் பழைய பாடி ஒன்றும் 18-55 லென்ஸும் வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பெட்ரோலுக்கும் பிரிண்டுக்கும் வையுங்கள். அடுத்ததாக, குறைந்த வெளிச்சத்திலும் உதவுகிற 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம். பறவையில் ஆசை இருந்தால் மட்டும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 300 எம்எம் பற்றி யோசிக்கலாம். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது: உங்களுக்கென்று ஒரு வாய்க்கால்

வெளியூர்ப் பயணத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்தோ தங்கும் இடத்திலிருந்தோ வண்டியில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு வாய்க்கால், ஒரு மதகு, சுற்றிலும் கொஞ்சம் வயல். அவ்வளவு போதும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து அங்கே போய்விட்டு வரலாம். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை ஆகும். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்பினாலும் அலுவலகத்துக்கு நேரத்தோடு கிளம்பிவிடலாம். வாரக் கடைசிக்காகக் காத்திருந்து ஒரே நாளில் நாலு கோயிலும் இரண்டு கடற்கரையும் சுற்றுவதைவிட இந்த அரை மணி நேரம் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, வெளிச்சம் புரியும். நட்ட வயலில் பயிர் தூர் கட்டி மூடும் வரை முதல் இரண்டு மூன்று வாரம் வானம் முழுக்கத் தண்ணீரில் தெரியும். அதன் பிறகு அதே இடத்தில் நின்றாலும் அந்தப் படம் கிடைக்காது. இரண்டாவது, ஆட்களுக்கு நீங்கள் பழகிவிடுவீர்கள். மடை திருப்ப மண்வெட்டியோடு வருகிற பெரியவர் முதல் வாரம் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாவது வாரம், "என்னா தம்பி, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்பார். அதன் பிறகு எடுக்கிற படங்களே வேறு.

கொக்கு, மடையான், நாரை எல்லாம் உழுகிற டிராக்டருக்குப் பின்னாலேயே வரும். கறுத்த சேற்றில் வெள்ளைப் பறவை என்றால் கேமரா ஏமாந்துபோய்ப் படத்தை வெளிற வைத்துவிடும், இறகு ஒன்றும் தெரியாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் (ஒரு படி) வரை குறைத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் இதற்கு நேர்மாறு. பனி மூட்டத்தைக் கேமரா மங்கலான சாம்பலாக்கிவிடும், முக்கால் ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். பனி நாளில் சூரியனைப் பார்த்து நின்று எடுங்கள். தென்னை, வைக்கோல் போர், சைக்கிளில் பால் கொண்டு போகிறவர் எல்லாமே ஒவ்வொரு அடுக்காகப் பிரிந்து தெரியும்.

நடவு வயல்

டெல்டாவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கேமராவைப் பையிலேயே வையுங்கள். வரப்பில் நிற்கிற வயல்காரரிடம் போய்ப் பேசுங்கள். யார், எந்த ஊர், எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் நடுகிறவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" வயல்காரர் சரி சொன்னதால் அவர்களும் சரி சொன்னதாக ஆகாது. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். படத்தை இணையத்தில் போடுவதாக இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். இப்போது பல இடங்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. வட மாநிலங்களிலிருந்து வந்து நடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் இதே மரியாதையோடு கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கேமராவைக் காட்டித் தலையசைத்தால் புரிந்துகொள்வார்கள்.

எங்கே நிற்பது என்பதுதான் அடுத்த கேள்வி. கையால் நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். அவர்கள் முகம் ஏற்கெனவே நட்டு முடித்த பக்கம்தான் இருக்கும். புதிதாக வருகிறவர் சாலையிலிருந்து இறங்கியதும் எதிர்ப்படுகிற வரப்பில் நின்று முதுகுப் பக்கத்தை எடுத்துவிடுகிறார். குனிந்து வேலை செய்யும் பெண்களை அப்படி எடுப்பது அவர்களுக்குச் சங்கடம், படமும் நன்றாக இருக்காது. சுற்றிக்கொண்டு போய் நட்டு முடித்த பக்கத்து வரப்பில் உட்காருங்கள். இப்போது முன்னால் நட்ட வரிசை, நடுவில் தண்ணீர், அதற்குப் பின்னால் முகங்கள். கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு எடுத்தால் எல்லாரும் தரையோடு அமுங்கித் தெரிவார்கள்.

கைகளைப் பாருங்கள். இடது கையில் நாற்று முடி, அதாவது சின்ன நாற்றுக் கட்டு. வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்திவிட்டு வெளியே வரும்போது சின்னதாக ஒரு வளையம் தண்ணீரில் விரியும். அது அடங்குவதற்குள் அடுத்த நாற்று. அந்தக் கையை மட்டும் எடுக்க ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. நாற்று முடியை வரப்பிலிருந்து வயலுக்குள் வீசுவார்கள். அதற்கு 1/1000 வேண்டும். முடி தீர்ந்து அடுத்ததை எடுக்க நிமிரும்போதுதான் முகம் தெரியும், பேச்சும் சிரிப்பும் அப்போதுதான். அந்த நொடிக்குக் காத்திருங்கள். ஆடிக் காற்றில் நாற்றெல்லாம் ஒரே பக்கம் சாயும். மேகமூட்டமான நாள் அமைந்தால் ஷட்டரை 1/8 வரை இறக்கி, கேமராவை வரப்பில் ஊன்றி அந்த அசைவையே எடுத்துப் பாருங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். புதிதாக அண்டை வெட்டிப் பூசிய வரப்பு ஈரமாக இருக்கும், அஜாக்கிரதையாக மிதித்தால் சரிந்து தண்ணீர் வடிந்துவிடும். ஒரு படத்துக்காக இன்னொருவர் வேலையைக் கெடுக்கக் கூடாது. நட்ட வயலுக்குள் இறங்கவே வேண்டாம். இருட்டு விலகும் முன் போனால் டார்ச் இல்லாமல் வரப்பில் கால் வைக்காதீர்கள். கண்ணாடி விரியன் இருக்கிற மண் இது.

கோயில்கள்: வெயிலின் திசையைப் பிடியுங்கள்

தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்தது. கருவறைக்கு மேலே எழும் விமானம் சுமார் 216 அடி. கிழக்கு பார்த்த கோயில். எனவே காலையில் நுழைவாயில் பக்கமிருந்து பார்த்தால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விமானத்தின் மேல் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் விமானம் கறுத்துத்தான் தெரியும். அப்போது திருச்சுற்று வழியாக மேற்குப் பக்கம் போய்விடுங்கள், கல் பொன்னிறமாக இருக்கும். விமானத்துக்குப் பக்கத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாய்கிற மாதிரி வரும். இராசராசன் திருவாயிலுக்குள் நின்று, வாயிலையே சட்டமாக வைத்து எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கல்வெட்டும் சிற்பமும் எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். டெல்டாவில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே இருப்பதில்லை. மே முதல் ஆகஸ்ட் பாதி வரை நண்பகலில் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். ஆகவே வடக்குச் சுவருக்கு நல்ல வெயில் கிடைப்பது அந்த மாதங்களில்தான். டிசம்பரில் வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழல், தெற்குச் சுவர் நாள் முழுக்க வெயில். வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும் நேரத்தில் எழுத்தின் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து படிக்கிற மாதிரி வரும். நேராக விழுந்தால் எழுத்தே தெரியாது. வெறுங்காலில் நடக்க வேண்டும் என்பதால் கோடை நண்பகலில் தரை கொதிக்கும். விரிப்பு போட்ட பாதையைத் தாண்டாதீர்கள்.

பெரிய கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. வெளியே படம் எடுக்கலாம், கருவறைப் பக்கம் கூடாது. முக்காலி (ட்ரைபாட்) வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்ற கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையைச் சேர்ந்தவை. உள்ளே கைபேசிக்கே தடை உள்ள கோயில்கள் நிறைய, வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். ட்ரோன் ஆசை உள்ளவர்கள் முதலில் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசு இணையதளத்தின் வரைபடத்தைப் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது.

மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் தேர்வு தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில், கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குதிரை பூட்டிய கல் தேரும், உள்ளங்கை அளவு சிற்பங்களும், நாயன்மார் கதை சொல்லும் வரிசையும் உண்டு. கூட்டம் குறைவு. 50 எம்எம் லென்ஸோடு ஒரு தூணை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் உட்காரலாம்.

படித்துறையும் திருவிழாவும்

ஆடிப்பெருக்கு அன்று திருவையாறு, கும்பகோணம் படித்துறைகளில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பிள்ளைகள் இழுத்துவரும் சப்பரம் என்று எடுக்க நிறைய இருக்கிறது. படையல் போடும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், காப்பரிசி கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், அப்புறம் எடுங்கள். ஆனால் குளிக்கிற பெண்கள், உடை மாற்றுகிறவர்கள், கரையில் காரியம் செய்கிறவர்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை.

தண்ணீருக்குள் இறங்கி எடுக்காதீர்கள். மேலே பார்க்க அமைதியாக ஓடும் ஆற்றில், மணல் அள்ளிய பள்ளம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்திருக்கும் நாட்களில் கரையிலிருந்து மட்டும்தான்.

திருவாரூர் ஆழித்தேருக்குப் போகிறவர்கள் தேருக்கு முன்னால் நிற்க ஆசைப்படாமல் வீதி முனையில் ஏதாவது ஒரு வீட்டு மாடியில் அனுமதி கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். தேர் திரும்பும் இடம்தான் படம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை அங்கேதான் முழுதாகத் தெரியும். கும்பகோணம் மகாமகம் கடைசியாக 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அதற்கு முன்னால் ஆண்டுதோறும் வரும் மாசி மகத்தில் போய்க் குளக்கரையைப் பழகி வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டம் ஒத்துவராதவர்களுக்குச் சுவாமிமலைப் பட்டறைகள் இருக்கின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றும் நாள் எது என்று முதலிலேயே ஸ்தபதியிடம் கேட்டுக்கொண்டு போங்கள், தினமும் நடக்காது. ஃபிளாஷ் வேண்டாம். உருகிய உலோகத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுத்து, மற்றதெல்லாம் இருட்டாகப் போனாலும் விட்டுவிடுங்கள். அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு ஓர் அடிகூட முன்னால் போகக் கூடாது.

கடலோரம்

நம் கடல் கிழக்கே இருப்பதால் விடியல்தான் நேரம். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் முகத்தில் முதல் வெயில் விழும்போது அங்கே இருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏலக் காட்சி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், ஆனால் வலை சீர் செய்வதையும் படகுக்குச் சாயம் அடிப்பதையும் நிதானமாக எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடுவூர் ஏரி. வெளிமானும் பூநாரையும் பார்க்கக் கோடியக்கரை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

போக வர

கும்பகோணத்தில் தங்கினால் கோயில்களும் பட்டறைகளும் பக்கம். வயலுக்கும் பறவைக்கும் மன்னார்குடியோ திருவாரூரோ வசதி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. அதிலிருந்து இறங்கியபின் டவுன் பஸ்ஸைவிட இருசக்கர வண்டிதான் உதவும், நினைத்த மதகில் நிறுத்தலாம். ஆற்றங்கரைச் சாலைகளில் மெதுவாகப் போங்கள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள்.

ஈரமும் உப்பும்

டெல்டாவில் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. தோல் பையில் போட்டு பீரோவில் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும். நன்றாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது காயவைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் வெளியே வந்தால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். கடற்கரைக்கும் வேதாரண்யம் உப்பளத்துக்கும் போய்வந்த அன்றே லேசாக ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு உள்ளே இறங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். கோப்புறைக்கு ஊர்ப் பெயரும் தேதியும் போதும். பக்கத்திலேயே வாய்க்காலின் பெயர், பயிர், யாரைப் பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பச்சையை ரொம்ப ஏற்றாதீர்கள். இளம் நாற்றின் மஞ்சள் கலந்த பச்சையும் சம்பாப் பயிரின் கரும்பச்சையும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கினால் எந்த மாதம் எடுத்தது என்பதே போய்விடும்.

கடைசியாக, படத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க பிரிண்ட். பக்கத்து ஊர் ஸ்டுடியோவிலேயே நல்ல தாளில் போட்டுத் தருவார்கள். 6-க்கு 4 அளவு போதும், பெரியவர்கள் தனியாக இருக்கும் படம் என்றால் 8-க்கு 6 போடுங்கள், சுவரில் மாட்டுவார்கள். பளபளப்பில்லாத மேட் தாள் நல்லது, ஈரக் கையால் வாங்கினாலும் ரேகை பதியாது. பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுங்கள். குழுவாக எடுத்த படத்துக்கு ஆளுக்கு ஒரு பிரதி போட வேண்டும், ஒன்றே ஒன்று கொடுத்தால் அது யார் வீட்டுக்கு என்று பிரச்சினையாகிவிடும். அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். நடவு முடிந்தால் அந்தக் குழு வேறு ஊருக்குப் போய்விடும், அப்புறம் தேடிப் பிடிப்பது சிரமம்.